காரணம் எழுதவும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலாவது மாடியில் உட்கார்ந்து ஷம்ஷாத் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், பூந்தமல்லியில் அவள் சொந்தக்காரர்கள் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. ஃபோட்டோவைப் பார்த்து, அதில் என்ன இருக்கிறதோ அதை எழுத வேண்டும். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம். அதன் படங்களை இணையத்தில் ஏற்றுகிறார்கள். கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்ட ஒவ்வொரு படத்துக்கும் இங்கிலீஷில் நாலு வரி விளக்கம் வேண்டும். “இதுக்கா சம்பளம் தர்றான்?” என்பான் அவள் புருஷன் ஜாகிர்.

பார்த்தால் தெரியும், இதற்கா என்று. வெள்ளைக்காரனுக்கு ஒரு குழாய், கறுப்பனுக்கு ஒரு குழாய். பேருந்தில் பின்சீட்டு. பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் வாயைப் பிளந்து கத்துகிற கூட்டம். முதல் மாதம் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

அவள் எழுதியதைச் சரிபார்ப்பவன் விஷால். அவளைவிடப் பத்து வயது சின்னவன். ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான், ‘திருப்புகிறேன்’ என்று இன்னொன்று. திருப்பினால் ஒரு கட்டம் திறக்கும். அதில் காரணம் எழுதாமல் அந்த மென்பொருள் ஆளை விடாது.

ஒருமுறை வீட்டு வாசல் படம் ஒன்று வந்தது. ‘வெள்ளையருக்கு மட்டும் வாடகைக்கு’ என்று பலகை. அதன் முன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு கறுப்பர். “வீடு காலியாக இருந்தும் அவருக்குக் கிடைக்கவில்லை” என்று ஷம்ஷாத் எழுதினாள். விஷால் திருப்பிவிட்டான். காரணம்: ‘படத்தில் தெரிவதை மட்டும் எழுதவும்.’ நியாயம்தான் என்று திருத்திக் கொடுத்தாள். அந்தப் படத்தை மீட்டிங்கில் பெரிய திரையில் போட்டபோது விஷால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எப்படிக்கா மனுஷங்க இப்படி இருந்திருக்காங்க?” என்றான். நல்ல பையன். வயிற்றெரிச்சலே அதுதான்.

பூந்தமல்லியில் ஷம்ஷாத் குடியிருக்கும் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மகள் ஹிபாவுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ, பள்ளிக்கூடம் திருவேற்காட்டில். அங்கேயே வீடு பார்த்தால் பிள்ளை ஷேர் ஆட்டோவில் நசுங்காமல் நடந்து போவாள் என்று அலைந்தார்கள். போனில் எல்லாரும் வாங்க வாங்க என்றுதான் சொன்னார்கள். பெயரைச் சொன்னதும் ஒரு வீட்டில் மோட்டார் ரிப்பேர், ஒரு வீட்டில் வாஸ்து சரியில்லை, ஒரு வீட்டில் துபாயிலிருந்து மகன் திடீரென்று திரும்பி வந்தான். அட, கூசாமல் புளுகுகிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்க வீட்டு மேல்மாடியே காலியாத்தான்க்கா இருக்கு. திருவேற்காடுதான்” என்றான் விஷால். “அப்பாகிட்ட சொல்லிடுறேன், ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க.” ஷம்ஷாத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விஷால் ஊரில் இல்லை. அவன் அப்பா சம்பந்தம் வாய் நிறைய வரவேற்றார். “வாம்மா, நீதானே ஷம்மு? பையன் சொன்னான்.” ஆபீசில் எல்லாரும் கூப்பிடும் பெயர் அது. முக்காடு போடும் பழக்கமும் அவளுக்கு இல்லை. ஜாகிர் அவளை இறக்கிவிட்டு வண்டிக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தான். அவன் வருவதற்குள் சம்பந்தம் மேல்மாடியை முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டார். காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. ஹிபா படிக்க ஜன்னலோரமாக ஓர் இடம்கூட இருந்தது. கீழே அவர் மனைவி சுலோசனா காபி கொடுத்தார். அட்வான்ஸ்கூட முடிவாகிவிட்டது.

“வீட்டுக்காரர் பேரு என்னம்மா? அக்ரிமென்ட் போடணுமே.”

“ஜாகிர், சார்.”

அதே நேரம் ஜாகிர் தாடியும் தொப்பியுமாக வாசலில் வந்து நின்றான். சம்பந்தத்தின் முகம் செத்துவிட்டது. சுலோசனா உள்ளே போய்விட்டார்.

“அடடே” என்றார் சம்பந்தம். “என் தங்கச்சி பையன் ஒருத்தன் கேட்டிருந்தாம்மா. இப்பதான் ஞாபகம் வருது.”

“மேல கூட்டினு போய்க் காட்டும்போது வரல, இப்ப வந்துச்சா சார்?”

“அப்படி இல்லம்மா. எங்களுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. அக்கம்பக்கத்துல நாலு பேரு…”

“அந்த நாலு பேரு யாரு சார்? கூப்புடுங்க, நான் பேசுறேன்.”

“காபி ஆறுது பாரு, குடிம்மா.”

ஷம்ஷாத் டம்ளரை டக்கென்று கீழே வைத்தாள். காபி தெறித்தது. “உங்க காபி இன்னாத்துக்கு சார் எனக்கு? உங்க கேட்ல ஒரு அட்டை தொங்குதுல்ல, வாடகைக்குன்னு? அதுக்குக் கீழயே எழுதிடுங்க, துலுக்கனுக்குக் கிடையாதுன்னு. தெருமுனையிலயே பாத்துட்டு மானமா திரும்பிப் போய்க்கினே இருப்போம்.”

“ஐயையோ, என்னம்மா பேசுற! அப்படியெல்லாம் எழுதுவாங்களா? அசிங்கமில்லையா?”

“எழுதுனாத்தான் அசிங்கமா?”

ஜாகிர் அவள் கையைப் பிடித்தான். “வா, போலாம். இவங்ககிட்ட போய் இன்னாத்துக்கு மல்லுக்கு நிக்கிற? நமக்கு இது புதுசா?”

“புதுசு இல்லன்னா வலிக்காதா?” என்று அவன்மேல் பாய்ந்தாள். தெருவுக்கு வந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். சம்பந்தம் கேட்டைச் சாத்திவிட்டு, அவள் பக்கம் பார்க்காமல் உள்ளேயே நின்றார். அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. போனை எடுத்து ஒரு படம் பிடித்தாள்.

திங்கட்கிழமை விஷால் அவள் மேஜைக்கு வந்தான். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான். “அப்பா பழைய காலத்து ஆளுக்கா. மனசுல வெச்சுக்காதீங்க.”

“நீ புதுக் காலத்து ஆளுதானே. நீ இன்னா சொன்ன அவருகிட்ட?”

“அவர் வீடு… நான் என்னக்கா சொல்ல முடியும்?” குனிந்து குரலைத் தாழ்த்தினான். “நானே உங்களுக்கு வேற வீடு தேடித் தரேன். உங்க ஆளுங்க நிறைய இருக்கிற ஏரியாவா பாத்து. உங்களுக்கும் அதானே வசதி?”

அடப்பாவி! அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய பலகையைப் பார்த்து ‘எப்படிக்கா’ என்று கேட்ட வாயா இது? ஷம்ஷாத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் தன் இடத்துக்குப் போன பிறகு, அன்றைய படங்களோடு தன் போனில் இருந்த படத்தையும் ஏற்றினாள். விளக்கத்தைத் தமிழில் எழுதினாள். அவன் அப்பாவுக்கும் படித்துக் காட்டட்டும்.

“பச்சை நிற இரும்பு கேட். அதில் ‘மேல்மாடி வாடகைக்கு’ என்று எழுதிய அட்டை தொங்குகிறது. கேட்டுக்கு உள்ளே வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மாடி ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. படம் கேட்டுக்கு வெளியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது.”

படத்தில் தெரியாதது ஒரு வார்த்தைகூட இல்லை. அனுப்பினாள். எழுந்து போய் விஷாலின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

படம் அவன் திரையில் வந்தது. அவன் தன் வீட்டு கேட்டையும் தன் அப்பாவையும் பார்த்தான். காது மடல் சிவந்துபோயிற்று.

“அக்கா, இது நம்ம ப்ராஜெக்ட்ல இல்லையே.”

“அப்ப திருப்பு.”

அவன் ‘திருப்புகிறேன்’ என்பதை அழுத்தினான். வெள்ளைக் கட்டம் திறந்தது. அதை வெறுமனே மூடப் பார்த்தான். மூடவில்லை. ‘காரணம் எழுதவும்’ என்று சிவப்பில் வந்தது. மறுபடி மூடினான். மறுபடியும் வந்தது.

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று ஷம்ஷாத் கையைக் கட்டிக்கொண்டாள்.

“எழுதுப்பா” என்றாள். “உங்க ஊட்ல ஒருத்தராவது எழுதுங்க.”