நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சட்டக் கல்லூரியில் அவருக்குக் காற்புள்ளி என்று பட்டப்பெயர். மேற்கோள் குறிப்பில் வழக்கின் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் நடுவில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் போதும், அத்தியாயத்தையே திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் தனக்கு வழிகாட்டியாக வாய்த்ததை நினைத்து அந்த ஆய்வு மாணவி நொந்துகொள்ளாத நாள் இல்லை.

இன்று மாலைக்குள் அவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வேடு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். "இன்னும் முடியலையாம்மா?" என்று மாமியார் கேட்பதை இன்னொரு வருடம் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

சரிபார்க்க ஒரே ஒரு வழக்குதான் பாக்கி. அண்டை வீட்டுக்காரர்கள் இருவர் சாக்கடைக் குழாய்க்காக அடித்துக்கொண்ட பழைய வழக்கு. "நீதிமன்றம் சொன்னது" என்று வழிகாட்டியின் புத்தகத்தில் இருந்த வரியை அவளும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டிருந்தாள். நூலகத்தில் அந்தத் தீர்ப்புத் தொகுதியைத் தூசி தட்டிப் பிரித்தாள். பக்கம் 412இல் வரி இருந்தது. ஆனால் அந்தக் காலத் தொகுதிகளில் வக்கீல்களின் வாதத்தை அச்சிட்ட பிறகுதான் தீர்ப்பு வரும். இது தோற்ற வக்கீலின் வாதம். 414இன் முதல் வரியிலேயே நீதிபதி அதைத் தள்ளிவிட்டிருந்தார். வக்கீலின் பெயரைப் பார்த்தாள். கையெழுத்துப் போட வேண்டியவரின் பெயரேதான்.

பேசாமல் விட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் காற்புள்ளிக்காக வாங்கிய திட்டெல்லாம் ஞாபகம் வந்து ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குறிப்பைத் திருத்தி, தொகுதியோடு அவர் அறைக்குப் போய் நீட்டினாள்: "வக்கீலின் வாதம் பக்கம் 412, நிராகரிப்பு, பக்கம் 414."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டியாம்மா?"

"தெரிஞ்சேவா சார் செஞ்சீங்க?"

"என் முதல் கேஸ். கடைசி கேஸும் அதான். தோத்தாச்சுன்னு கேட்டதும் எழுந்து வந்துட்டேன். புத்தகத்துலயாவது ஜெயிக்கலாமேன்னு..."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"ஜட்ஜ் என்ன காரணம் சொன்னார் சார்?"

"யாருக்கும்மா தெரியும்? அந்தப் பக்கத்தை நான் திருப்பினதே இல்லை."

அவள் திருப்பி வாசித்தாள். "வக்கீல் முன்தீர்ப்பு என்று காட்டிய வரி தீர்ப்பே அல்ல. அது வேறொரு வழக்கில் தோற்ற வக்கீலின் வாதம்."

அவர் தொகுதியை வாங்கி மூடிவைத்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் திருத்திய குறிப்பில் "வாதம்" என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.