தப்பான பக்கத்து மூக்குத்தி

1.

ஷியாமளா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சாலைக்கு ஓடினாள். மணி ஐந்து முப்பத்தைந்து. ஆறு மணிக்குக் கூட்டம். மேடம் மேடையேறும்போது கையில் இந்தப் புத்தகம் இல்லாவிட்டால்...

[இருபது வருடமாக மூன்று புள்ளி வைத்தே பிழைப்பவன் நான். இந்தக் கதையில் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இல்லாவிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது. மறந்து வைத்துவிட்டுப் போனது மேடம்தான்.]

பேரீச்ச மரத்து நிழலில் டாக்ஸிக்காக நின்றாள்.

[மேல் வரியை அடித்துவிடவும். துபாய் ஜுமைராவில் அந்தத் தெருவில் இருப்பது வேப்பமரமாம். "நம்ம வேம்புதான், காக்கா எச்சம் உட்பட" என்று ஷியாமளா திருத்தினாள்.]

2.

கதை பிறந்தது 2005இல், ஒரு வெள்ளிக்கிழமை. ஷியாமளா சொல்ல, நான் குறித்துக்கொண்டேன்.

அவள் கோவில்பட்டிக்காரி. துபாயில் மிஸ் ஜூலியா என்ற வெள்ளைக்காரக் கல்லூரி ஆசிரியையின் வீட்டில் சமையல், துடைப்பது, துவைப்பது எல்லாம். விசா மேடத்தின் கையெழுத்தில் ஓடுகிறது. ஊரில் மகள் பானுப்பிரியா நர்சிங் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருடம் பாக்கி. வீட்டுக்காரருக்கு நிலையான வருமானம் இல்லை.

மேடத்தின் கொள்ளுப்பாட்டி மிசஸ் பெல்லிங்ஹாம், 1908இல் அதிகாரியான புருஷனோடு அரசாங்கக் கப்பலில் இந்தக் கரையோரம் வந்தவர். திரும்பிப் போய்ப் பயணநூல் எழுதினார். லண்டனில் பேர் வாங்கினார். அதன் மகுடம் ஏழாம் அத்தியாயம்: எந்த வெள்ளைக்காரனும் நுழைய முடியாத ஷேக் வீட்டுப் பெண்கள் பகுதிக்குள் போய் அவர் கண்டவை. எந்தக் குடும்பத்துப் பெண் எந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதெல்லாம் அதில் இருந்ததால் இந்தக் கரையைக் கண்காணித்த ஆங்கிலேய அதிகாரிகளும் கவனமாகப் படித்தார்கள்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: புருஷன்மார் பீரங்கிகளை எண்ணினார்கள், இவர் மருமகள்களை எண்ணினார். சாம்ராஜ்யத்துக்கு இரண்டு கணக்கும் வேண்டியிருந்தது.)

அந்த ஆறு மணிக் கூட்டத்தில் மேடம் பேசவிருந்தது அந்த ஏழாம் அத்தியாயத்தைப் பற்றித்தான்.

3.

டாக்ஸி நெரிசலில் நின்றுவிட்டது. டிரைவர் கீழக்கரை முகம்மது யூசுப். ஷியாமளா படித்தது பிளஸ் டூ. விரல் வைத்து வரி வரியாகத்தான் ஆங்கிலம் வாசிப்பாள். பொழுது போகாமல் ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

இந்தப் பெண்கள் மூக்குத்தியைத் தப்பான பக்கத்தில், இடது மூக்கில், அணிகிறார்கள் என்று எழுதியிருந்தது.

மறுபடி படித்தாள். கை தானாகத் தன் மூக்குக்குப் போனது. வலது பக்கம்.

"பாய், வெள்ளைக்காரிக்கு மூக்குத்தில எது சரியான பக்கம்?"

"அவங்கதான் குத்தவே மாட்டாங்களே தங்கச்சி. அவங்களுக்கு ஏது சரி, தப்பு?"

[என் வழக்கமான தொடராக இருந்தால் இங்கே 'அவள் முகம் வெளிறியது' என்று வரும். வெளிறவில்லையாம். சிரிப்பு வந்ததாம்.]

பக்கங்களைப் புரட்டினாள். ஆறாம் அத்தியாயத்தின் கடைசி வரியில் மிசஸ் பெல்லிங்ஹாமுக்குக் காய்ச்சல். மூன்று நாள் கப்பல் அறையை விட்டு வெளியே வரவில்லை. எட்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், ஷேக் வீட்டுக்கு வணக்கம் சொல்லி அனுப்பிய மெட்ராஸ் ஆயா திரும்பிவந்து வாய் ஓயாமல் பேசித் தொல்லை செய்ததாக ஒரு சலிப்பு.

அந்தத் தொல்லைதான் ஏழாம் அத்தியாயம்.

ஆயாவுக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. கப்பல் பூனைக்கு இருக்கிறது. டோபி.

4.

இப்போது மேடத்தை என்ன செய்வது? என் பேனாவுக்கு வில்லி வேண்டும். நூறு பேருக்கு முன்னால் ஒரு வேலைக்காரி கொள்ளுப்பாட்டியின் மானத்தை வாங்கினால், மறுநாள் காலை விசா கேன்சல். நர்சிங் படிப்பு பாதியில். நல்ல திருப்பம். ஆனால் இந்த மேடம் ரசச் சோறு சாப்பிடுகிறவர். ஷியாமளாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்து, அதைக் கருக்கியும் கொடுத்தவர்.

முதல் முடிவு: ஷியாமளா அரங்கத்தில் எழுந்து நின்று முழங்குகிறாள்.

"நான் எங்க எந்திரிச்சேன்? பின்னாடி ஜூஸ் டம்ளர் அடுக்கிக்கிட்டு நின்னேன்" என்றாள்.

இரண்டாம் முடிவு: வாயைத் திறக்காமல் புத்தகத்தை நீட்டிவிட்டு வந்துவிடுகிறாள். இதை எழுதும்போதே

[பாதியில் விட்டேன். படிப்பு பாக்கி உள்ள பெண்ணின் தாய் அப்படிச் செய்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் அப்படிச் செய்யவில்லை.]

நடந்தது இது. புத்தகத்தைக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தில் விரலை வைத்தே கொடுத்தாள். அரைகுறை ஆங்கிலத்தில் காதோரம் சொன்னாள்: "மேடம், இவங்க கப்பல விட்டு இறங்கவே இல்ல. ஆயாதான் போயிருக்கு. மூக்குத்தியப் பாருங்க."

மேடம் வரியைப் பார்த்தார். ஷியாமளாவின் மூக்கைப் பார்த்தார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு மேடையேறினார்.

"கலாஸ், பானு படிப்பு போச்சுன்னு டம்ளர எண்ணிக்கிட்டே நின்னேன்."

மேடம் அந்த வரி வரைக்கும் வாசித்தார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எழுதியவர் இதைப் பார்க்கவில்லை. பார்த்தவர் பெயரை எழுதியவர் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் பெயரையாவது நான் சொல்லிவிடுகிறேன்" என்றார். முழுப் பெயரும் சொன்னார், ஊரோடு. கோவில்பட்டியை 'கோல்பாட்டி' என்றாராம். அத்தனை தலையும் பின்னால் திரும்ப, ஷியாமளா டம்ளர் தட்டோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

5.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவிடாமல் என்னைக் குத்துவது வேறு.

வாரப் பத்திரிகையில் இதுவரை பதினொரு துபாய்க் கதைகள் எழுதியிருக்கிறேன். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் காயும் லுங்கிகள், தங்கக் கடைத்தெரு, பேரீச்ச மரம் எல்லாம் வந்தன. 'துபாயை நேரில் காட்டிவிட்டீர்கள்' என்று வாசகர் கடிதங்களும் வந்தன. பன்னிரண்டாவதான இதற்கு யார் பெயர் போடலாம் என்று ஷியாமளாவிடமே கேட்டேன்.

"போன் கார்டு முடியப்போகுது. மொதல்ல கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வச்சீங்களா?" என்றாள். லைன் அறுந்துவிட்டது.

ஆகவே தலைப்புக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனா எடுத்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவளை வழியனுப்பிய அன்று மீனம்பாக்கம் விமான நிலைய வாசல் வரை போனேன். துபாய்ப் பக்கம் நான் போன தூரம் அவ்வளவுதான். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. பானுப்பிரியா எங்கள் மகள்.