சந்தைச் சதுக்கத்துக்குக் கீழே

எண்ணூறு வருசமாகச் சந்தை கூடுகிற சதுக்கமாம், அந்தக் காலத்து மன்னன் கொடுத்த உரிமையாம். ஜெர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சின்ன ஊர்க்காரருக்கு இந்தப் பெருமையைச் சொல்லி வாய் ஓயாது. பழைய கல்லைப் பெயர்த்துப் புதுக்கல் பதிக்கக் கிண்டினார்கள், உலக யுத்தத்தில் விழுந்து வெடிக்காத குண்டு கிடந்தது. நல்ல பெருமைதான்! ஊர்ச்சனம் முழுவதையும் கிளப்பிப் பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுவந்து விட்டார்கள்.

தேவமலர் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ முன்னாலை போ, கடையைப் பூட்டிப்போட்டு வாறன்" என்ற புருசன் நித்தியானந்தனை இன்னும் காணவில்லை. அவர்களுடைய மரக்கறிக் கடை சதுக்கத்து மூலையில், குழிக்குப் பக்கத்திலேயே இருந்தது. போன் எடுத்தால் மனுசன் தூக்கவில்லை.

வானத்தில் ஹெலிகொப்டர் இரைந்தது. ஐயோ கடவுளே! அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் ஹெலி வந்தால் பங்கர்க் குழிக்குள் பாய்ந்து பழகின மனுசன். இங்கே வருசப் பிறப்புக்கு வாணம் விட்டாலே கடையின் நிலவறைக்குள் இறங்கிவிடுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவளும் சிரித்திருக்கிறாள். இந்தக் குண்டு நிலத்துக்குக் கீழேதான் கிடக்கிறது என்று அந்த மண்டைக்குள் எப்படி ஏற்றுவது!

வாசலில் நின்ற பொலிஸ்காரியிடம் ஓடி, ஜெர்மனில் கத்தினாள். "என் கணவர் கடை நிலவறையில் இருக்கிறார்!"

"எல்லாக் கதவும் தட்டியாயிற்று. ஆளிருந்தால் ஹெலிகொப்டர் சத்தத்துக்கு வெளியே வந்திருப்பார்."

"அந்தச் சத்தம் இருக்கும்வரை வரவே மாட்டார்! அதைத் திருப்பி அனுப்புங்கள்!"

பொலிஸ்காரி வோக்கிடோக்கியை எடுத்துப் பேசினாள். பிறகு அவளிடம் திரும்பினாள். "ஹெலிகொப்டர் போகும். ஆனால் குண்டு அசைந்துவிட்டது, எங்கள் ஆட்களே விலகிவிட்டார்கள். யாரையும் உள்ளே அனுப்ப முடியாது."

இரைச்சல் தூரப் போனது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"எங்கையப்பா நிக்கிறாய்?" நித்தியானந்தன் கிசுகிசுத்தார். "ஹெலி திரும்ப வர முதல் ஓடி வா. நிலவறைக் கதவைத் திறந்து வச்சிருக்கிறன்."

"இஞ்சாருங்கோ, அங்கை நிக்க ஏலாது! வெளியாலை ஓடி வாங்கோ!"

"உனக்கென்ன விசரே? நீ வராமல் நான் அசையன்."

தேவமலர் கண்ணை இறுக்கி மூடினாள். "என்னாலை வர ஏலாது. பள்ளிக்கூட வாசல்லை விழுந்து கிடக்கிறன். கால் முறிஞ்சு போச்சு. வந்து தூக்குங்கோ."

"அசையாமல் கிட. வாறன்!"

போனில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. படியேறி, கதவைத் தாண்டி, சதுக்கத்துக் கல்லில் ஓடத் தொடங்கினார். குழியைக் கடந்துதான் வரவேண்டும்.

தேவமலர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னபடியே வாசலில் விழுந்து படுத்தாள்.