பெயர் வாசிக்கப்படாத போடில்

ஒன்பதாவது முறை அணை உடைந்த செவ்வாய்க்கிழமை காலையில் மிக்கெல் டோஃப்ட் தன் பெண்டாட்டி போடிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினான். சாயங்காலம் தெற்கு ரோடு வழியாக ஊருக்குள் வந்து சேர்ந்தான். வழியில் எங்கும் திரும்பவில்லை என்று சத்தியம் செய்தான். மாடுகளுக்கு மேல்மூச்சுகூட வாங்கவில்லை. எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வடக்கே சால்ட் லேக் நகரத்துச் சபையில் பெயர் வாசித்து, எல்லோரும் சம்மதமென்று வலது கையைத் தூக்கி, பருத்தி விளைவிக்கச் சொல்லி இந்த வர்ஜின் ஆற்றங்கரைக்கு அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். அங்கிருந்து விடுவிப்புக் கடிதம் வராமல் ஒருவரும் வடக்கே போய்ச் சேர்ந்ததில்லை; ரோடே ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். அன்றே மிக்கெல் கடிதம் கேட்டு எழுதிப் போட்டான்.

போடிலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சபையோடு சேர இந்தப் பக்கம் வந்தபோது அவளோடு சேர்ந்து ஆயிரம் மைல் கைவண்டி இழுத்த அக்கா கிர்ஸ்டன், வடக்கே சான்பீட்டில் கண் மங்கிக் கிடந்தாள். முழுக்க இருட்டுவதற்குள் தங்கையின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டுமாம். போடில் ஜெபித்தாள், உபவாசம் இருந்தாள், அணைக்கு மண் சுமந்தாள். நாங்கள் கட்டக் கட்ட வெள்ளம் தின்றது. விழலுக்கு இறைத்த நீராக இன்னும் இரண்டு வருஷம் போயிற்று. அதற்கும் கடவுளுக்கு நன்றி சொன்னோம், பல்லைக் கடித்துக்கொண்டு.

பன்னிரண்டாவது அணையும் உடைந்த வாரத்தில் கடிதம் வந்தது. மறுநாளே கிளம்பினார்கள். மதியத்துக்கு மேல் மிக்கெல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் இருக்கை காலி. அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள், போடில் தெற்கு ரோட்டில் நடந்து வந்து எங்கள் ஊர் பிஷப் டார்வில் வீட்டு வாசலில் நின்றாள்.

பிஷப் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "இதுல சகோதரர் மிக்கெல் பேர் மட்டுந்தாம்மா இருக்கு. அன்னிக்கு சபையில வாசிச்சதும் அவர் பேரைத்தான். உன்னை யாரும் அனுப்பவே இல்லையே. அனுப்பாதவளை எப்படி விடுவிக்கிறது?"

"அப்போ இத்தனை வருஷமா மண்ணு சுமந்தது யாரு, என் ஆவியா?"

 பிஷப் சால்ட் லேக் நகரத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதினால் எப்போது பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியாதா?

ஞாயிறு சபையில் போடில் எழுந்து நின்று தன் பெயரைத் தானே வாசித்தாள். "போடில் டோஃப்ட். இந்த ஆத்தங்கரைக்கு அனுப்பப்பட்டவ. சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க." பெண்கள் பக்கத்தில் பதினேழு கைகள் எழுந்தன. "அப்படியே வச்சிருங்கடி. என்னை விடுவிக்கிறதுக்கும் அதே கைதான்" என்றாள். ஆண்கள் குனிந்து பூட்ஸைப் பார்த்தார்கள். தூக்கிய கையை எண்ணாமல் விடுவது எங்களிடம் வழக்கமில்லை. பிஷப் எண்ணிப் புத்தகத்தில் எழுதினார்.

திங்களன்று இருவரும் வண்டியேறினார்கள். சாயங்காலம் ஊரே தெற்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு இங்கெர் பழக்கதோஷத்தில் போடிலுக்கும் சேர்த்துச் சோளக்கஞ்சி காய்ச்சியிருந்தாள். கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது. யாரும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பதினேழு பெண்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்கள் பெயரை வாசித்து, அதே கையால் தங்களை விடுவித்தும் கொண்டார்கள். பதின்மூன்றாவது அணையை ஆண்கள் நாங்களே கட்டினோம்.