சம்மதம் கேட்ட ஞாயிறு

கோகிலாவுக்குக் கூட்டத்தைக் கண்டு பயம் கிடையாது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் எல்லா வகுப்புகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு ஒற்றைக் குரலில் கட்டி மேய்த்தவள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் கலைந்தன, பள்ளியும் மூடப்பட்டது. கோகிலாவும் அவள் கணவன் கருணாகரனும் மலாக்கா பட்டணத்துக்கு வந்து, காஜா பேராங்கில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். ரப்பர்ப் பால் வெட்டிப் பழகிய கருணாகரன் பண்டார் ஹிலிரில் லோரிக்கு மூட்டை ஏற்றினான். அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது.

வேலை கொடுத்தவர் ராஜரத்தினம். லண்டனில் பொருளாதாரம் படித்துவிட்டுத் திரும்பியவர். தோட்டங்களை இழந்து பட்டணத்துக்கு வந்தவர்களுக்கும் வேலையில்லாத உள்ளூர்க்காரர்களுக்கும் மோட்டார் ரிப்பேர், மின்சார வேலை, தையல் என்று ஆறு மாதப் பயிற்சித் திட்டம் ஒன்று வந்திருந்தது. மனுப் போட்டவர்கள், இருந்த இடங்களைப்போல் இரண்டு மடங்கு.

"பயிற்சி குடுத்தா வேலை கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, டீச்சர். ஆனா யாரும் சோதிச்சுப் பாக்கல," என்றார் அவர். "சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேர எடுப்போம். சீட்டு விழாதவங்களையும் ஒரு வருஷம் போய்ப் பாப்போம். ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டாத்தான் உண்மை தெரியும். ஆனா இத அவங்களுக்குப் புரிய வெச்சு, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் செய்யணும்."

அவர் ஆங்கிலத்தில் எழுதிய விளக்கத் தாளைத் தமிழாக்க உட்கார்ந்தபோது கோகிலா ஒரே ஒரு வார்த்தையில் தடுக்கி நின்றாள். சம்மதம் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள். தோட்டத்தில் அந்தச் சொல் கல்யாணப் பேச்சில் மட்டும் புழங்கும். அங்கேயும் பெண்ணிடம் கேட்க மாட்டார்கள். வேலைக்கு எடுத்தபோதும், விரட்டியபோதும் யார் யாரிடம் கேட்டார்கள்? அவளுக்கு அந்தத் தாளின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களையும்போதும் அதன் வாக்கியங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

இன்னொரு ஆசையும் இருந்தது. மோட்டார் ரிப்பேருக்குக் கருணாகரனும் மனுப் போட்டிருந்தான். அவன் பேருக்குச் சீட்டு விழவேண்டுமென்று காளியம்மனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனுப் போட்டவர்களைக் கூட்டியிருந்த பட்டணத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் அவள் நுழையும்போதே சேதுபதியின் குரல் கேட்டது. சேதுபதி தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். இப்போது திட்டத்துக்கு உள்ளூரில் ஆள் திரட்டுபவர்.

"கையெழுத்துத் தெரிஞ்சவங்க போடுங்க, தெரியாதவங்க கைநாட்டு வைங்க. ஆறே மாசம். அப்புறம் வேலை உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும்!"

மேசைமேல் மைப்பெட்டி திறந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் இடதுகைக் கட்டைவிரலை இப்போதே நீட்டிக்கொண்டு நின்றார்கள். கோகிலா நேராகப் போய் மைப்பெட்டியை மூடினாள்.

"யாரும் இன்னும் கைநாட்டு வைக்க வேணாம். எல்லாரும் உக்காருங்க. முதல்ல இது என்னன்னு கேட்டுக்குங்க."

சேதுபதி அவள் பக்கம் குனிந்தார். "எல்லாத்தையும் சொன்னா பாதிப் பேரு எழுந்து போயிடுவாங்க டீச்சர். ஆள் சேரலைன்னா திட்டத்த வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. யாருக்கு நஷ்டம்? நம்ம சனத்துக்குத்தானே?"

அந்த வார்த்தை அவளைத் தைத்தது. அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து நின்று, கூட்டத்துக்குக் கேட்கும்படி, "டீச்சர் சொல்றதுதான் சரி. அவங்க முடிக்கிற வரைக்கும் யாரும் எதுலயும் கை வைக்கக் கூடாது," என்றார்.

கோகிலா சொன்னாள். தமிழில் சொன்னாள், ஓரமாக உட்கார்ந்திருந்த, தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டு இளைஞர்களுக்காக ஒவ்வொரு வரியையும் மலாயில் திருப்பிச் சொன்னாள். சீட்டு விழுந்தால்தான் பயிற்சி, சிபாரிசு செல்லாது. பயிற்சி முடித்தாலும் வேலை நிச்சயமில்லை. அது தெரியாததால்தான் இந்தச் சோதனையே. விழாதவர்கள் வீட்டுக்கும் ஆள் வந்து பிழைப்பைப் பற்றிக் கேட்கும். சேர்ந்த பிறகு பாதியில் விலகலாம். இப்போதே வேண்டாமென்றும் சொல்லலாம். சொன்னால் யாருக்கும் ஒரு குறையும் வராது.

மஸ்ஜித் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரின் தம்பி சிஹாபுதீன் கை தூக்கினான்.

"வேணாம்னு சொன்னவன் பேர எழுதி வெச்சு, நாளைக்கு வேற வேலைக்குப் போறப்ப எடுத்துக் காட்டுவீங்களா?"

"மாட்டோம்."

"சரிங்க டீச்சர்," என்றான். "சரிங்க டீச்சர்," என்றார்கள் எல்லோரும். எழுந்து மறுபடி வரிசை கட்டினார்கள்.

அந்தச் 'சரிங்க'வைக் கோகிலாவுக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்துத் தொரை முன்னால் தலையைக் குனிந்துகொண்டு சொல்லும் 'சரிங்க' அது. அவள் சொன்னது காதில் விழுந்திருந்தது, ஒருத்தரும் நம்பவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் சுமந்த தாள் வெறும் தாளாகிப் போனது.

அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஒருவன் விலகி முன்னால் வந்தான். கருணாகரன்.

"எனக்கு விருப்பமில்லைங்க," என்றான்.

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. சேதுபதி நெற்றியில் அடித்துக்கொண்டார். "டீச்சர் வீட்டுக்காரரே இப்படிச் சொன்னா மத்தவன் என்ன நினைப்பான்?"

கருணாகரன் அவரைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தான். "காரணம் சொல்லணுமா?"

அவளுக்கு ஏன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அம்மனிடம் வைத்த வேண்டுதல், கருப்பு எண்ணெய் படிந்த சட்டையில் அவன் சம்பளம் கொண்டுவரும் நாள், எல்லாம் கண் முன்னால் வந்து போயின. விழுங்கிக்கொண்டாள்.

"சொல்ல வேண்டியதில்லைங்க," என்றாள்.

ராஜரத்தினம் வந்தார். கருணாகரனின் மனுவைத் தேடி எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார். "வந்து முழுசாக் கேட்டீங்க. நன்றி," என்று கை கொடுத்தார். "இருங்க, கோப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்."

கருணாகரன் போகவில்லை. கோப்பிக் குவளையோடு சுவரோரமாய்ச் சாய்ந்து நின்றான். யாரும் அவனை வெளியே போகச் சொல்லவில்லை. கூட்டம் அவனையே பார்த்தது. குவளை காலியாகிறவரைக்கும் பார்த்தது.

பிறகுதான் மண்டபத்துக்கு வாய் வந்தது.

"சீட்ட எங்க குலுக்குவீங்க? கோலாலம்பூர்லயா?" என்று எழுந்தாள் பூங்காவனம். தையல் பயிற்சிக்கு வந்திருந்தவள். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புருஷனை இழந்து, பிள்ளைகளோடு வந்தவள். "அங்க குலுக்கினா எனக்கு எப்படித் தெரியும்? இங்கயே, எங்க கண்ணு முன்னாடி குலுக்குங்க. இல்லன்னா நான் வரல."

இந்த 'வரல'வைக் கேட்டதும் கோகிலாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆபீசில் எண் அட்டவணையை வைத்துப் பேர்களை எடுப்பதுதான் ராஜரத்தினத்தின் திட்டம். "சரி, இங்கயே குலுக்கலாம்," என்றார். அதற்குப் பிறகு கேள்விகள் ஓயவில்லை. கஷ்டம் அதிகமா இருக்கிறவனுக்கு முதலில் கொடுத்தால் என்ன? வீட்டுக்கு வருகிற ஆள் எதையெல்லாம் கேட்பான்? அதை யாரிடம் சொல்வான்? ராஜரத்தினம் சொல்லச் சொல்ல, கோகிலா மலாயில் திருப்பிச் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப் போனாள். சிலர் மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். போகும்போது தலை நிமிர்ந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் மேசைக்கு வந்தபோது, முன்போல் விரலை நீட்டிக்கொண்டு வரவில்லை. "இன்னொரு தடவை படிங்க டீச்சர்," என்று உட்கார்ந்து கேட்டு, பிறகு தாங்களே விரலை மையில் தொட்டு வைத்தார்கள்.

கோயிலிலிருந்து பித்தளைக் குடம் வந்தது. பேர்ச் சீட்டுகளை அதில் போட்டுக் குலுக்கினார்கள். சிஹாபுதீனுக்கு விழுந்தது. பூங்காவனத்துக்கு விழவில்லை. கடைசிச் சீட்டுவரை குடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு விழல. பரவால்ல, என் கண்ணு முன்னாடிதான் விழல," என்றாள் கோகிலாவிடம். "நீ வீட்டுக்கு வாம்மா. வாக்குக் குடுத்தேன்ல, கதவத் தொறக்குறேன்."

சேதுபதி பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆள் குறைந்துவிட்டதே என்று பொருமுவார் எனக் கோகிலா நினைத்தாள். "நான் கிராணியா இருந்தப்ப ஒருத்தன்கூட என்கிட்ட இப்படிக் கேள்வி கேட்டதில்ல," என்று மட்டும் சொன்னார்.

நடுப்பகல் வெயிலில் கோகிலாவும் கருணாகரனும் வீட்டுக்கு நடந்தார்கள். சாலை முக்கு வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"இப்பச் சொல்லுங்க. ஏன்?"

"தோட்டத்துல விடிஞ்சும் விடியாம பெரட்டுக் களத்துல நின்னு ஆள்கணக்குக்குப் பேரு குடுத்தேனே, எத்தனை வருஷம்," என்றான் கருணாகரன். "மனுப் போட்டப்ப வீட்டுக்கு வந்து கேப்பாங்கன்னு தெரியாது. இனிமே யாரும் வந்து என் பேரப் பதியறது எனக்குப் பிடிக்கல. நல்ல காரியந்தான். ஆனா பிடிக்கல. வேணாம்னா குறையில்லைன்னு நீதான சொன்ன?"

"நான் எல்லாருக்கும் சொன்னேன்."

"நானும் அதுல ஒருத்தன்."

கோபம் வந்தது, அதைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சை நிரப்பியது. ஒரு மண்டபமே நம்பாத அவள் வார்த்தையை முதலில் நம்பியவன் பக்கத்தில் நடந்துவருகிறான். அன்று சாயங்காலம் யார் வீட்டுக்குப் போனாலும், "எங்க வீட்டுக்காரருதான் முதல்ல வேணாம்னாரு," என்று பெருமையடித்தாள். கேட்டவர்கள் விழித்தார்கள்.

பயிற்சி நடந்தது. முடித்தவர்களுக்கு, சீட்டு விழாதவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேலை கிடைத்தது. வேலை வாசலில் வந்து நிற்கவில்லை. ராஜரத்தினம் இருந்ததை இருந்தபடியே அறிக்கையில் எழுதினார்.

அந்த வருஷம் முழுக்கக் கோகிலா கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனாள். மூன்றாவது தடவை போனபோது பூங்காவனம் பண்டார் ஹிலிர் சாப்பாட்டுக் கடையில் சமையலுக்குச் சேர்ந்திருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள். உடம்புக்கு ஏதாவது வந்ததா என்ற கேள்வி வந்ததும் கத்தி நின்றது.

"அது எதுக்கு? அதச் சொல்லமாட்டேன். அடுத்தது கேளு."

கோகிலா அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.