நான்காகப் பிரித்த தலை

நூலைப் பற்றி என்னிடம் யாரும் வாய் பேசிவிட முடியாது. நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். விரலில் உருட்டிப் பார்த்தே முறுக்கு கூடவா குறைவா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் சொந்த மகளின் தலைமுடியை மட்டும் ஒன்பது வருஷமாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அம்மாவும் பெண்ணும் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் என்று தெனாவெட்டாக இருந்துவிட்டேன்.

மகளுக்குச் சுருட்டை முடி. சும்மா சுருட்டை இல்லை, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி. அதனால் அவளுக்குப் பெயரே பஞ்சு என்று ஆகிவிட்டது. சுருட்டை என் வழியில் வந்தது. ஆனால் என் தலையில் இப்போது ஆதாரம் எதுவும் மிச்சமில்லை. என் மனைவிக்கு வழுக்கிக்கொண்டு விழும் நேர்முடி. அவள் பஸ் கண்டக்டர், முதல் வண்டிக்குப் போகிறவள். காலை ஐந்தரைக்குப் பஞ்சுவைக் கால்களுக்கு நடுவில் உட்காரவைத்து, காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுப்பாள். பஞ்சு கத்துவாள். சீப்பில் பல் போகும். இது தினமும் நடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. ஒட்ட வெட்டிவிடலாம், பள்ளிக்கூடத்தில் எத்தனை பெண்கள் அப்படி இருக்கிறார்கள் என்றாள். பஞ்சு எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்ட வேணாம்னு சொல்லுப்பா" என்றாள்.

அவளுக்கு அந்த முடி உயிர். படம் வரைந்தால்கூடத் தன் தலையைச் சுற்றிப் பெரிதாக ஒரு மேகம் போட்டுவிட்டுத்தான் முகத்தையே வரைவாள். இரண்டு வாரம் கொடு, இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறேன் என்று வாயைக் கொடுத்தேன். மனைவி என் மொட்டைத் தலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டு வாரம், அடுத்த நாளே முடிவெட்டும் கடை என்றாள்.

அன்று பஞ்சு சீப்பில் விட்டுப்போன முடியை மறுநாள் வேலைக்கு எடுத்துப் போனேன். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், அடேயப்பா. ஒரே முடி ஓரிடத்தில் உருண்டை, இன்னோர் இடத்தில் தட்டை, திரும்பும் இடமெல்லாம் மெலிவு. மெலிந்த இடத்தில்தான் அறுந்திருந்தது. நனைத்துப் பார்த்தேன். இழுத்தால் நீண்டு கொடுத்தது, விட்டால் சுருண்டுகொண்டது. இத்தனை நாள் இது என் வீட்டிலேயே இருந்திருக்கிறதே என்று ஆச்சரியம் தாங்கவில்லை. சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் புதுச் சரக்கா என்று கேட்டார்கள். வீட்டுச் சரக்கு என்றேன்.

பிறகு கேள்வி மேல் கேள்வி. எத்தனை நாளுக்கு ஒருமுறை ஷாம்பூ போடுவது? கண்டிஷனரைக் கழுவுவதா, கொஞ்சம் விட்டுவைப்பதா? ஈரத்தில் சீவலாமா? துண்டில் தேய்க்காமல் பழைய டி-ஷர்ட்டில் ஒற்றினால் என்ன ஆகும்? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் எதையும் நம்புகிற ஜாதி இல்லை. சோதனை என்றால் முறை வேண்டும். வகிடு எடுத்து மகளின் தலையை நான்கு பங்காகப் பிரித்தேன்.

முன்பக்கம் வலதில் ஷாம்பூவைக் குறைத்து வாரம் ஒருநாள். முன்பக்கம் இடதில் தினமும் கண்டிஷனர், கழுவிவிடுவது. பின்பக்கம் வலதில் கண்டிஷனரோடு ஈரத்திலேயே விரலால் சிக்கெடுத்து, டி-ஷர்ட்டில் ஒற்றுவது. பின்பக்கம் இடது பழையபடியே, அம்மா கையால், காய்ந்த முடியில் சீப்பு. எங்கள் ஆலையில் எதைச் சோதித்தாலும் ஒரு நூல்கண்டை மட்டும் பழைய முறையிலேயே விட்டுவைப்போம். அது இல்லாவிட்டால் மற்றது தேறியதா என்று எதை வைத்துச் சொல்வது? மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன், அந்தக் கால்பங்கில் கருணையே கூடாது என்று.

பஞ்சு நான்கு விதமான தலையோடு பள்ளிக்கூடம் போனாள். கேட்டவர்களிடம் அப்பா ஆராய்ச்சி பண்ணுகிறார் என்று பெருமையாகச் சொன்னாளாம். நான் தினமும் நோட்டில் எழுதினேன். அறுந்த முடி எத்தனை, பறட்டையாக நிற்கிறதா, ஆன நேரம் எவ்வளவு, கத்தினாளா இல்லையா. ஐந்தாம் நாளே பின்பக்கம் வலது மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. சுருள் சுருளாக, தொட்டால் வழவழவென்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் சொன்ன கெடு முடியட்டும், பாதியில் நிறுத்தினால் அது என்ன சோதனை என்று தொடர்ந்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரு விசித்திரம். பின்பக்கம் இடதில் அவள் அம்மா இழுத்தபோதும் பஞ்சு கத்தவில்லை. பத்தாம் நாளும் அப்படித்தான். பக்கத்துப் பங்கின் கண்டிஷனர் இங்கேயும் கசிகிறதோ என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். கத்தல் இல்லை என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை. மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பஞ்சு கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள். கையில் காகிதம் வெட்டும் கத்தரிக்கோல். இடது காதுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தரையெல்லாம் முடி. பின்னாலேயே வந்த மனைவி டிக்கெட் பையைக்கூட இறக்கி வைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏன் வெட்டினாய் என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

"அது மட்டும்தாம்ப்பா வலிச்சுது" என்றாள். "கெடு முடியப் போகுது, இப்ப கத்துனா அம்மா மொத்தத்தையும் வெட்டிடுவாங்க. அதான் பாவாடைய கடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு முடியல."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னீங்கன்னுதானே நானும் இழுத்தேன்" என்றாள். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குரலே எழும்பவில்லை அவளுக்கு.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் நாளே விடை தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் எட்டு நாள் ஒரு குழந்தையை வலியில் விட்டுவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எதுதான் உனக்குப் பிடித்திருந்தது என்று அப்போதுதான் அவளைக் கேட்டேன். பஞ்சு உடனே சொல்லிவிட்டாள். முன்பக்கம் இரண்டுக்கும் கண்டிஷனர் கொஞ்சம் போதும், நிறையப் போட்டால் நெற்றியில் வழிகிறது. பின்பக்கத்துக்கு நிறைய. சீப்பே வேண்டாம், விரல்தான், அதுவும் தண்ணீர் சொட்டச் சொட்ட, நுனியிலிருந்து.

"எனக்கு மொதல் வாரமே தெரியும்" என்றாள். "நீங்க யாரும் கேக்கலையே."

குளியலறையில் முக்காலியைப் போட்டோம். நான் தண்ணீர் ஊற்றினேன். மனைவி கையில் கண்டிஷனரை வழித்துக்கொண்டு மீதி முடியில் விரலை விட்டாள். பாதியில் ஒரு சிக்கு மாட்டியது. பஞ்சுவின் தோள் விறைத்தது. பாவாடை நுனி வாய்க்குப் போனது.

மனைவி கையை எடுத்துவிட்டாள். பஞ்சுவின் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, வாயிலிருந்து அந்தத் துணியை மெதுவாக இழுத்தாள்.

"வலிச்சா கத்துடா கண்ணு" என்றாள். "நல்லா கத்து. ஒன் முடிய யாரும் வெட்டப் போறதில்ல."

பஞ்சு என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கத்தினாள், பாருங்கள், ஐந்து நாள் பாக்கியையும் சேர்த்து. பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.