எட்டாம் பிரிவு இல்லாத பத்திரம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ள விருதுநகரில் ஒரு பெண் வக்கீலின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவர் கணினியைப் பார்த்து, "ஒன்னைய யாரு திருத்தச் சொன்னா?" என்று ஆளைத் திட்டுவது போலவே திட்டிக்கொண்டிருந்தார். என்னவென்று விசாரித்தேன். பாதி சொன்னார். மீதிக்கு, "கட்சிக்காரங்க விசயம் சார்" என்று வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய்க்குள் இருப்பதை எழுதுவதுதானே நம் பிழைப்பு. பெயர்களை மாற்றி, மீதியை நானே கட்டியிருக்கிறேன்.

அவருக்குச் சுகிர்தா என்று பெயர் வைக்கிறேன். இனி அவர் 'அவள்'. கதைக்குள் வந்தால் கொஞ்சம் மரியாதை குறையத்தான் செய்யும், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "விருதுநகர் வெயில் அன்று பதிவு அலுவலகத்தின் ஓட்டுக்கூரையை"

விட்டுவிட்டேன். இந்த ஊர்க் கதையை வெயிலில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அடுத்தது: "அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் அன்று காலை"

இதையும் அடித்துவிட்டேன். இப்படி எழுதியதுமே நீங்கள் விபத்தை எதிர்பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இதில் விபத்து கிடையாது. ஒரு பத்திரம், ஒரு மாடி வீடு, ஒரு பெஞ்ச், அவ்வளவுதான்.

3

இராமகிருஷ்ணன் அண்ணன், ராஜபாண்டியன் தம்பி. அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை, திருத்தங்கலில் காலண்டர் அச்சகம், அச்சகத்துக்கு மேலே ஒரு மாடி வீடு. எல்லாம் கூட்டாக இருந்தது. ஆலை அண்ணனுக்கு, அச்சகமும் மாடியும் தம்பிக்கு என்று பேசிப் பிரித்துக்கொண்டார்கள். 'பேசி' என்பது சும்மா வார்த்தைக்கு. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது. அவர் சொன்னதை இவரிடமும், இவர் சொன்னதை அவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நடுவில் பிறந்த கற்பகவல்லி. புருஷன் இறந்த பிறகு அவள் அந்த மாடி வீட்டில்தான் குடியிருக்கிறாள்.

தம்பிக்கு அந்த மாடிமேல் ஒரு கண். "சீசன்ல பேப்பர் அடுக்க எடமில்ல மேடம். மாடிய குடோனாக்குனா தோதா இருக்கும். அக்காவ வேற எங்கனயாச்சும் வச்சுக்கிடலாம்" என்று சுகிர்தாவிடமே சொல்லியிருக்கிறார்.

அதைக் கேட்ட பிறகுதான் சுகிர்தா பத்திரத்தில் ஒரு பூட்டுப் போட்டாள். 12-ஆம் பிரிவு: கற்பகவல்லி ஆயுள் முழுக்க மாடி வீட்டில் குடியிருக்கலாம். கடைசிப் பிரிவு: இருவரும் சேர்ந்து இந்தப் பத்திரத்தில் எதை வேண்டுமானாலும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், 12-ஆம் பிரிவைத் தவிர. இருவரும் சம்மதித்தார்கள். பூட்டு மற்றவனுக்குத்தான் என்று ஆளாளுக்கு நினைத்ததால் வந்த சம்மதம் அது.

இன்னொரு விஷயம். அண்ணனுக்கு எட்டு ஆகாது. கூட்டுத்தொகை எட்டு வருகிற வண்டியை வாங்க மாட்டார். அவருடைய ஆலையில் ஏழாம் நம்பர் ஷெட்டுக்கு அடுத்தது ஒன்பதாம் நம்பர் ஷெட்.* பத்திரத்திலும் எட்டாம் பிரிவு கூடாதென்று தங்கச்சியிடம் சொல்லி அனுப்பினார். அதிசயமாக, தம்பியும் அதற்குத் தலையாட்டினார். சுகிர்தா எண்களைக் கையாலேயே அடித்தாள்: ஏழு, ஒன்பது, பத்து.

(* ஆய்வுக்கு வந்தவர், "எட்டாம் நம்பர் ஷெட் எங்கே?" என்று கேட்டாராம். "ஏழுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல சார்" என்றாராம் பெரியவர், அதாவது அண்ணன். நான் இதை நம்பவில்லை. இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.)

4

[இந்தப் பகுதியைப் பிற்பாடு நுழைத்தேன். நான்காக இருந்தது ஐந்தாகிவிட்டது. என் கணினி தானாகவே எண்ணை மாற்றிக்கொண்டது. என் கதையில் அதனால் யாருக்கும் வீடு போகாது.]

பதிவு நாளன்று காலையில் தம்பி போன் செய்து, தன் இனிஷியலில் ஒரு திருத்தம் சொன்னார். பத்திரம் எழுதவென்றே புதிதாக வாங்கிய மென்பொருளில் சுகிர்தா கோப்பைத் திறந்தாள். "பிரிவு எண்கள் வரிசையாக இல்லை. சரிசெய்யவா?" என்று அது பணிவாகக் கேட்டது. கிளம்புகிற அவசரத்தில் அவள் 'சரி'யை அமுக்கிவிட்டு அச்சுக்குக் கொடுத்தாள்.

ஒன்பது எட்டானது. பத்து ஒன்பதானது. பின்னால் நின்றதெல்லாம் ஆளுக்கு ஒரு படி இறங்கியது. வாக்கியங்களுக்கு நடுவே அவள் அடித்து வைத்திருந்த எண்களை மட்டும் மென்பொருள் தொடவில்லை. அதன் கணக்கில் அவை வெறும் எழுத்து. கடைசிப் பிரிவில் '12-ஆம் பிரிவைத் தவிர' என்பது அப்படியே நின்றது.

ஆக, கற்பகவல்லியின் வீடு 11-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. 12-இல் வந்து உட்கார்ந்திருப்பது எது? அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வாணவேடிக்கை ஒரு வருஷம் அண்ணன் பேரில், மறுவருஷம் தம்பி பேரில். எந்தக் காலத்திலும் எவராலும் மாற்ற முடியாதது இப்போது அதுதான். வீட்டை அண்ணனும் தம்பியும் மனசு வைத்தால் நாளைக்கே மாற்றலாம்.

5

பதிவு அலுவலக வராந்தாவில் கடைசியாக ஒருமுறை புரட்டும்போதுதான் சுகிர்தா இதைப் பார்த்தாள்.

மறுபடி அச்சடிக்கலாம். அதற்குள் நல்ல நேரம் போய்விடும், இன்னொரு நாள் என்றால் பெரியவர் வர மாட்டார். இல்லையென்றால் கடைசிப் பிரிவில் 12-ஐ அடித்து 11 என்று கையால் எழுதலாம். ஆனால் பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் போட வேண்டும். எதற்கு என்பார்கள். சொன்னால் படிப்பார்கள். படித்தால் தம்பிக்குக் குடோன் ஞாபகம் வரும்.

6

வராந்தா மூலையில் கற்பகவல்லி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். சுகிர்தா அவளிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அங்கன பாருங்க" என்றாள் கற்பகவல்லி. "ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காக. அண்ணன், 'மழை வருமாலே'ன்னு கேட்டுச்சு. தம்பி, 'வராதுண்ணே'ன்னான். எம்புட்டு வருசமாச்சு தெரியுமா? இப்பப் போயி நீங்க வாயத் தொறந்தீகன்னா கெட்டுது."

"வீடு போயிரும்க்கா."

"போனாப் போகுது. சொல்லாதீக."

இந்த இடத்தில் எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கூடப்பிறந்தவர்களுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிற பெண் நம் கதைகளில் தேவைக்கு மேல் இருக்கிறாள். கோபப்பட வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அழவைத்தேன், அதைவிட மோசம். என் மனைவி சொர்ணலட்சுமி படித்துவிட்டு, "அவுக எங்க தியாகம் பண்ணுதாக? சேதி சுமந்து சுமந்து அலுத்துப் போயிட்டாக" என்றாள். அதன்பிறகு இந்த வரியைச் சேர்த்தேன்:

"நான் என்ன தபால்காரியா? இனிமேலாச்சும் அவுகளே பேசிக்கிடட்டும்."

இப்போது ஆள் உயிரோடு நிற்கிறாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டீயை நீட்டிக்கொண்டே அவள் யாரும் கேட்காமல், "குடோனுக்கெல்லாம் அந்த மாடி ஆகாது. ஒழுகும்" என்றும் சொன்னாள். இதை நான் எழுதவில்லை, அவளாகச் சொன்னாள்.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

சுகிர்தா உண்மையைச் சொல்கிறாள். தம்பி கண்கலங்கி, "எங்கக்கா வீட்ட நான் தொடுவனா?" என்கிறார். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது.

சொல்கிறாள். "அத மட்டும் ஏன் மாத்தக் கூடாது?" என்கிறார் தம்பி. "அவ வீட்டுல கை வச்ச, தெரியும்லே" என்று எழுந்திருக்கிறார் அண்ணன். பெஞ்ச் காலி. கற்பகவல்லிக்கு மறுபடி தபால் வேலை.

சொல்லாமல் விடுகிறாள். அடுத்த சீசனில் லோடு லோடாகப் பேப்பர் மாடியேறுகிறது. வாணவேடிக்கை மட்டும் வருஷா வருஷம் சட்டப்படி பிசகாமல் நடக்கிறது. இந்த முடிவில் கற்பகவல்லி எங்கே போனாள் என்று எழுத

(முடியவில்லை.)

9

(எட்டைத் தேடாதீர்கள். பெரியவர் படித்தாலும் படிப்பார்.)

நான் முடிவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் பத்திரத்தை வாங்கி விரித்துவிட்டார். அவர் வாசிக்கவில்லை. ஓரத்து எண்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். விரல் நின்றது.

"என்ன மேடம், எட்டு போட்டிருக்கீக?"

"கம்ப்யூட்டர் போட்டுருச்சு சார்" என்றாள் சுகிர்தா. அது உண்மைதான்.

"அடிச்சிட்டு 'ஏழு-அ'ன்னு போடுங்க. ஏலே, நீயும் பாரு."

"ஆமாண்ணே, எட்டு வேண்டாம்" என்றார் தம்பி.

சுகிர்தா அடித்து எழுதினாள். ஒருவர் முடித்ததும் பேனாவை மற்றவரிடம் கொடுத்து, இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்கள். இதனால் மற்ற எண்கள் அசையவில்லை, வீடு இன்னும் பதினொன்றில்தான் இருக்கிறது.

"வேற எங்கனயும் போடணுமா மேடம்? சொல்லுங்க, கையோட போட்டுருதோம்" என்கிறார் பெரியவர்.

இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 12-ஐ 11 ஆக்கிக் காட்டினால் போதும். ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுவிடுவார்கள். அவர்கள் ஏற்கெனவே சம்மதித்தது அதுதான். ஆனால் எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமல் போடுவார்கள். தெரியாதவர்களிடம் இப்படிக் கையெழுத்து வாங்குகிறவர்களோடு கோர்ட்டில் மல்லுக்கு நிற்பதுதான் சுகிர்தாவின் தொழிலே. எனக்கு அந்த மாடி கற்பகவல்லிக்கே இருக்க வேண்டும், இந்த ஆசையை நான் மறைக்கவில்லை. அதற்காக ஒரு நல்ல வக்கீலைக் கையெழுத்துத் திருடவைக்கவும் மனசு வரவில்லை. ஆகவே நான் எழுந்துகொள்கிறேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

சுகிர்தாவின் விரல் கடைசிப் பக்கத்தின் மூலையில் இருக்கிறது. கற்பகவல்லி வேண்டாம் வேண்டாம் என்று அங்கிருந்தே தலையாட்டுகிறாள். திருப்பச் சொல்கிறீர்களா, விடச் சொல்கிறீர்களா? கொஞ்சம் சீக்கிரம். பெரியவர் பேனா மூடியைத் தேடுகிறார்.